ஹெரால்டுக்கு ஒரு பித்தளைத் துண்டு

ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியில் என்னென்ன போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாக்லேட், சென்ட் பாட்டில், அக்கா பசங்களுக்குச் சட்டை, யாரோ ஒரு மாமாவுக்கு மூட்டுவலித் தைலம். என் பெட்டியில் இதோடு ஒரு கிளட்ச் பிளேட்டும் ஒரு வாட்டர் பம்பும் போகும். ஸ்கேன் செய்கிறவர் மெஷினை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். "கார் சாமான்" என்பேன். "என்ன கார்?" "டிரையம்ஃப் ஹெரால்டு." வயசானவராக இருந்தால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். சின்னப் பையனாக இருந்தால் பெட்டியைத் திறக்கச் சொல்வான் :-)

நான் இருக்கும் இந்தக் கவெண்ட்ரியில்தான் அந்தக் கார் பிறந்தது. ஊருக்கு மேற்கே கேன்லி என்ற பகுதியில் ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் தொழிற்சாலை இருந்தது. 1980ல் அங்கே கார் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் ஆபீஸ்களும் குடோன்களும்தான். ஞாபகத்துக்கு ஒரு தெருவுக்கு ஹெரால்டு அவென்யூ என்று பேர் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை அந்தப் பலகையைப் பார்த்தபோது காரை ஓரம் கட்டி கொஞ்ச நேரம் நின்றேன். அப்பாவுக்கு இந்தத் தெருவோடு ஒரு பழைய கணக்கு உண்டு.

நிற்க. இது பெங்களூர்க் கதை. அங்கேயே போவோம்.

அப்பாவுக்கு பெங்களூரில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலை. அல்சூரில் வீடு. 1978ல் செகண்ட்ஹேண்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினார். வெளிர் நீலம், இரண்டே கதவு. பானெட்டைத் திறந்தால் மட்கார்டோடு சேர்த்து முழு முன்பக்கமும் முதலை வாய் மாதிரி முன்னால் சாயும். ரிப்பேர் செய்கிறவர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மிக்கேலாட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்தது, இங்கிலாந்தில் 1959ல் வந்தது, 1961லிருந்து மெட்ராஸில் வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் அதைக் கட்டியது. அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் ஹெரால்டு வைத்திருந்தவர்களுக்கு ஒரு தனி மிதப்பு. எங்கப்பாவுக்கும் இருந்தது.

1986ல் ஒரு நாள் சாயங்காலம், கப்பன் பார்க் ஓரம் மெதுவாகத் திரும்பும்போது இடது முன்சக்கரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது. வேகம் இல்லாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா மட்டும் அன்றிலிருந்து அந்தக் காரில் முன்சீட்டில் உட்காரவில்லை.

சிவாஜிநகரில் எங்களுக்கு ஒரு மெக்கானிக் உண்டு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, பாய்தான். அவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "சார், கிங்பின் போச்சு" என்றார். ஹெரால்டில் கிங்பின் கிடையாது. அதன் இடத்தில் நிற்கிற இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும், அந்த மரை ஒரு பித்தளைத் துண்டுக்குள் திருகி உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேயேதான் சக்கரம் திரும்புகிறது. ட்ரன்னியன் என்று பேர். கம்பெனிக் கையேடு அதற்குக் கியர் ஆயில்தான் போட வேண்டும் என்கிறது. நம்மூரில் கிரீஸ் அடித்தார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காது, தண்ணி இறங்கும், மரை தேயும், ஒருநாள் கழன்றுகொள்ளும். இன்னொரு விஷயம் முக்கியம், மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கத்து ட்ரன்னியனுக்கு வலப்புரி மரை, மறு பக்கத்துக்கு இடப்புரி மரை. பார்க்க இரண்டும் ஒன்று மாதிரியே இருக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று ஏறவே ஏறாது.

உள்ளங்கையில் அடங்குகிற துண்டு. அது பெங்களூரில் கிடைக்கவில்லை. ஜே.சி. ரோட்டில், டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை, இரண்டு பக்கமும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். அப்பா ஒரு சனிக்கிழமை முழுக்க நடந்தார். அம்பாசடருக்கு இருக்கிறது. ஃபியட்டுக்கு இருக்கிறது. ஹெரால்டா சார், மெட்ராஸில் கேளுங்கள். மெட்ராஸில் கேட்டால் ஸ்டாக் தீர்ந்து வருஷங்கள் ஆச்சு. ஹெரால்டு 1971ல் நின்றது, அதன் பின்வாரிசான கேஸல் 1977ல் நின்றது. கம்பெனி அப்போது ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரில் மும்முரமாக இருந்தது. அதன் கதை கடைசியில் வருகிறது.

ஒரு பித்தளைத் துண்டு இந்த நிலைக்கு வந்தது எப்படி என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில் இது சிக்கலாக இல்லை, மெதுவாக இருந்தது. கார்கள் கப்பலில் வந்தன. 1926ல் ஃபோர்டும் 1928ல் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவிலேயே பெட்டியைப் பிரித்துப் பூட்ட ஆரம்பித்தன. உதிரி வேண்டுமென்றால் மெட்ராஸிலோ பெங்களூர் கண்டோன்மெண்டிலோ இருந்த ஏஜென்டிடம் இண்டெண்ட் போடுவார்கள். இண்டெண்ட் என்றால் ஆர்டர் கடிதம், அவ்வளவுதான். அது லண்டனில் ஒரு கன்ஃபர்மிங் ஹவுஸுக்குப் போகும். அந்த ஹவுஸ்காரன் ஃபாக்டரிக்குத் தன் கைக்காசைக் கொடுத்துச் சாமானை வாங்கி, கப்பலில் ஏற்றி, கமிஷன் சேர்த்து பில் அனுப்புவான். மெட்ராஸ் கடைக்காரரைக் கவெண்ட்ரி ஃபாக்டரிக்குத் தெரியாது, ஹவுஸ்காரனைத் தெரியும். இடைத்தரகர் விற்றது சாமானை அல்ல, தன் பேரை.

நம்ம மைசூர் ராஜ்யத்திலேயே கார் ஃபாக்டரி வந்திருக்க வேண்டியது. விஸ்வேஸ்வரய்யா 1930களில் அதற்காக ஐரோப்பா, அமெரிக்கா எல்லாம் சுற்றிவந்தார். மைசூர் அரசு அதில் பங்கெடுப்பதை ஆங்கிலேய அரசு விரும்பவில்லை. கடைசியில் வால்சந்த் ஹிராசந்த் 1944ல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸை ஆரம்பித்தார். பெங்களூருக்கு அவரால் வந்தது 1940ன் விமானத் தொழிற்சாலை, இன்றைய எச்.ஏ.எல். கார் போச்சு, ப்ளேன் வந்தது. பெங்களூர்க்காரனாக எனக்கு இதில் வருத்தமில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை மாறியது. 1947லேயே இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. 1953ல் டாரிஃப் கமிஷன், இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டமில்லாமல் வெறுமனே பூட்டிக்கொண்டிருக்கும் கம்பெனிகள் கடையைக் கட்டலாம் என்று சொல்ல, ஃபோர்டும் ஜி.எம்.மும் கிளம்பின. 1957-58ல் அன்னியச் செலாவணி தட்டுப்பாடு வந்ததும் கயிறு இன்னும் இறுகியது. ஒவ்வொரு வருஷமும் சர்க்கார் ஒரு தடிமனான புத்தகம் போடும், ரெட் புக் என்பார்கள். எந்தச் சாமானை யார் எவ்வளவு கொண்டுவரலாம் என்று அதில் இருக்கும். முன்பு இறக்குமதி செய்துவந்த பழைய வியாபாரிகளுக்கு, முன்பு கொண்டுவந்த அளவை வைத்து கோட்டா. அதாவது தாத்தா இண்டெண்ட் போட்டிருந்தால் பேரனுக்கு லைசென்ஸ்!

இதில் ஒரு நல்லதும் நடந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வெளியிலிருந்து வராது என்றதும் உள்ளே செய்தாக வேண்டிய கட்டாயம். பெங்களூர் ஆடுகோடியில் 1951ல் பாஷ் தொழில்நுட்பத்தோடு மைகோ வந்தது, ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்ய. மெட்ராஸில் லூகாஸ் டிவிஎஸ் 1961, பிரேக்ஸ் இந்தியா 1962, சுந்தரம் கிளேட்டன் 1962. பாடிப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு இந்தப் பேரெல்லாம் ஸ்டாப்பிங் பேர்களாகவே தெரியும். இன்று உலகத்துக் கார்களுக்கெல்லாம் சென்னையிலிருந்து பாகம் போகிறது என்றால் அதற்கு விதை அங்கேதான். ஆனால் ஆயிரக்கணக்கில் விற்கிற பாகத்தைத்தான் அவர்கள் செய்ய முடியும். நின்றுபோன ஒரு காருக்கு வருஷத்தில் நாற்பது பேர் கேட்கிற ட்ரன்னியனை யார் செய்வார்கள்?

லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் பலர் சாமானே கொண்டுவரவில்லை, லைசென்ஸையே விற்றார்கள். காகிதத்துக்கு பிரீமியம் இருந்தது. ஆன் க்ரூகர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1974ல் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1964ல் இந்தியாவில் இப்படி அனுமதிச் சீட்டுகளால் மட்டுமே உண்டான லாபம் தேசிய வருமானத்தில் 7.3 சதவீதம் என்று கணக்குப் போட்டார். அதில் பெரும்பங்கு இறக்குமதி லைசென்ஸ். அதே அம்மாள் அடுத்த வருஷம் இந்தியக் கார்த் தொழிலையும் உதிரிபாகத் தொழிலையும் பற்றி ஒரு முழுப் புத்தகமே போட்டார். எங்கப்பா அதைப் படித்ததில்லை. ஜே.சி. ரோட்டில் நடந்தே அவருக்கு அது தெரிந்திருந்தது.

சரி, தனி மனிதன் ஒரு துண்டை மட்டும் நேரடியாக வரவழைக்க முடியாதா? கோவெண்ட்ரிக் கடைக்குக் கடிதம் எழுதலாம். பணம் எப்படி அனுப்புவது? 1973ன் அன்னியச் செலாவணிச் சட்டம், ஃபெரா, அப்போது அமலில் இருந்தது. ரிசர்வ் பாங்க் அனுமதி இல்லாமல் ஒரு பவுண்டுகூட வெளியே போகக்கூடாது. வெளிநாட்டுக்காரருக்காக உள்ளூரில் யாரிடமாவது ரூபாய் கொடுத்தாலும் குற்றம். பெரிய வியாபாரிகள் பாங்கில் எல்.சி. திறப்பார்கள். (எல்.சி.யும் பெரிய பாதுகாப்பு இல்லை. பாங்க் காகிதத்தைத்தான் பார்க்கும், பெட்டிக்குள் எட்டிப் பார்க்காது.) ஒரு ட்ரன்னியனுக்கு யார் எல்.சி. திறப்பார்கள்!

இங்கேதான் பர்மிங்காம்காரர் வருகிறார்.

அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர் மூலம் தெரியவந்தவர். பெங்களூர்த் தமிழர்தான். அறுபதுகளில் இங்கிலாந்து போய் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய அம்மா பிரேசர் டவுனில் தனியாக இருந்தார். ஏற்பாடு இதுதான்: அப்பா பாகத்தின் நம்பரை எழுதி அனுப்புவார். அவர் அங்கே தன் காசில் வாங்கி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அப்பா அதற்கு ஈடான ரூபாயை பிரேசர் டவுன் பாட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். மொத்தம் 1,800 ரூபாய். பவுண்டு அப்போது பதினெட்டு ரூபாய்க்கு மேல். அப்பாவின் சம்பளத்தில் அது பெரிய தொகை.

பணத்தை மூன்று தவணையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டாவது தவணைக்கு என்னையும் கூட்டிப்போனார். எனக்குப் பதினோரு வயசு. வாழ்க்கையில் சிவப்பு விளக்கைத் தாண்டாத மனுஷன் அன்று தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கவரை என் ஸ்கூல் நோட்டுக்குள் வைத்திருந்தார். ஃபெராவில் ஜெயில் உண்டு என்பதும், சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு வேலையே போகும் என்பதும் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது பாட்டி கொடுத்த ரவா லட்டு மட்டும்தான்.

ஐந்து மாதம் கழித்து பம்பாய் வழியாக ஒருவர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். புதுசு, மஞ்சளாகப் பளபளக்கிறது. இரண்டு துண்டுகள், ஜோடியாகவே மாற்றிவிடலாம் என்று. பாய் காரை ஜாக்கியில் ஏற்றினார். வலது பக்கம் வெண்ணெய் மாதிரி ஏறியது. இடது பக்கம் ஏறவில்லை. இன்னொரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார், "சார், ரெண்டும் ரைட்டு சைடு."

புகார் சொல்ல இடமில்லை. யாரிடம் சொல்வது? ரசீது இல்லை, கொடுத்த பணத்தைக் கொடுத்தேன் என்று சொல்லவே முடியாது. புகார் கொடுக்க முடியாது என்பதுதான் அந்தக் காலத்து வெளிநாட்டு இடைத்தரகர் வியாபாரத்தின் அஸ்திவாரம். ஏமாற்றுகிறவனுக்கும் அது வசதி, நல்லவன் மேல் பழி விழுவதற்கும் அதுவே வசதி. எங்கள் வீட்டில் பதினைந்து வருஷத்துக்கு யாராவது தப்பான சாமான் வாங்கிவந்தால் "பர்மிங்காம் வேலை" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

கார் ஏழு மாதம் செங்கல் மேல் நின்றது. கடைசியில் பாய்தான் வழி கண்டுபிடித்தார். சிவாஜிநகர் குஜிரிக்குப் பின்னால் ஒரு லேத் பட்டறை. பழைய, தேய்ந்த துண்டையே அச்சாக வைத்து கன்மெட்டலில் வார்த்தார்கள். அப்புறம் மரை. இடப்புரி மரை வெட்ட லேத்தின் லீட் ஸ்க்ரூவை எதிர்த்திசையில் ஓடவிட வேண்டும். அதுவும் துளைக்குள் வெட்ட வேண்டும், கண்ணுக்குத் தெரியாது, கையாலேயே உணர வேண்டும். அந்தப் பெரியவர் இரண்டைக் கெடுத்து மூன்றாவதில் பிடித்தார். ஒன்றுக்குத்தான் காசு வாங்கினார், 140 ரூபாய். அந்தத் துண்டு இன்றும் அந்தக் காரில் இருக்கிறது. கியர் ஆயில் மட்டும் போடுகிறோம்.

இப்படி ஒரு குடும்பம் ஒரு துண்டுக்கு அல்லாடிய அதே வருஷங்களில் பெங்களூரில் ஒரு கார்க் கம்பெனியே இதே பாடு பட்டது. சிபானி ஆட்டோமொபைல்ஸ். முதலில் பாதல் என்று ஒரு மூன்று சக்கர வண்டி. பிறகு 1982ல் டால்ஃபின். இங்கிலாந்தில் டாம்வொர்த்தில் இருந்த ரிலையன்ட் கம்பெனியின் கிட்டன் என்ற சின்னக் கார்தான் அது. ரிலையன்ட் அதைக் கைவிட்ட அதே சமயம் சிபானி எடுத்துக்கொண்டது. ஃபைபர் கிளாஸ் உடம்பு, துருவே பிடிக்காது, 848 சிசி எஞ்சின், இரண்டு கதவு. எடை குறைவு என்பதால் சோழவரம் ரேஸில் பையன்கள் அதை விரட்டு விரட்டு என்று விரட்டினார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதற்கும் ஆரம்பத்தில் ஜப்பானிலிருந்துதான் பெட்டி பெட்டியாகப் பாகம் வந்தது. ஆனால் பின்னால் சுசூகியும் சர்க்காரும் நின்றார்கள். டால்ஃபினுக்குப் பின்னால் நின்றது இங்கிலாந்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கம்பெனி. தொண்ணூறுகளின் நடுவில் சிபானி ரோவர் மான்டெகோவைப் பெட்டியில் வரவழைத்துப் பூட்டிப் பார்த்தது. அதுவும் நிலைக்கவில்லை. விற்றதே சில நூறுதான். அந்தச் சில நூறு பேரில் இன்னும் காரை வைத்திருக்கும் ஒருவருக்கு நான் போன வருஷம் ஒரு டெயில் லேம்ப் தேடினேன். கிடைக்கவில்லை.

1991க்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். லைசென்ஸ் ஒவ்வொன்றாகக் கழன்றது, 1992ல் பழைய இறக்குமதிச் சட்டமே போய்ப் புதுச் சட்டம் வந்தது. 2000 ஜூனில் ஃபெரா போய் ஃபெமா வந்தது, ஜெயில் போய் அபராதம் ஆனது. 2004ல் ரிசர்வ் பாங்க் ஒரு இந்தியர் வருஷத்துக்கு 25,000 டாலர் வரை கேள்வியில்லாமல் வெளியே அனுப்பலாம் என்றது. இன்று அது 2,50,000. ஸ்கூல் நோட்டுக்குள் கவர் வைத்துக்கொண்டு போனவரின் பிள்ளைக்கு இந்த எண்ணைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

நான் கவெண்ட்ரி வந்தது 2001ல். வந்த மூன்றாவது மாதமே போன். "தம்பி, அங்க ஹெரால்டு சாமான் கிடைக்குமாமே?" பாய்தான். ஊரில் விஷயம் பரவி, பழைய கார் வைத்திருக்கும் ஏழெட்டு பேருக்கு நான் ஆள் ஆகிவிட்டேன். பிப்ரவரியில் பக்கத்து ஸ்டோன்லீயில் டிரையம்ஃப் பாகங்கள் விற்கும் ஒரு சந்தை நடக்கும். பெரிய கொட்டகை, குளிர், கையில் டீ, மேஜை மேஜையாகத் துருப்பிடித்த சாமான். அங்கே போய் நின்றபோதுதான் இடைத்தரகன் வேலையின் கஷ்டம் புரிந்தது. நான் செய்த முதல் தப்பே பெரிசு. ஹெரால்டு கேஸ்கெட் செட் என்று கேட்டு வாங்கி அனுப்பினேன், ஊரில் பொருந்தவில்லை. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு 1961லேயே 1147 சிசி எஞ்சின் வந்துவிட்டது, பிறகு 1296. மெட்ராஸ் ஹெரால்டு கடைசிவரை பழைய 948 சிசிதான். இன்னொருவர் பின்கதவு ரப்பர் கேட்டார். இங்கே சந்தையில் கேட்டால், "ஹெரால்டுக்கு ஏதய்யா பின்கதவு?" என்று வினோதமாகப் பார்க்கிறார்கள். நாலு கதவு ஹெரால்டு உலகத்திலேயே மெட்ராஸில்தான் செய்தார்கள்.

அந்தத் தப்புக்குப் பிறகுதான் பர்மிங்காம்காரரைப் போய்ப் பார்க்கத் தோன்றியது. 2003 என்று ஞாபகம். கவெண்ட்ரியிலிருந்து ரயிலில் அரை மணிகூட இல்லை. எழுபதைத் தாண்டியிருந்தார். அப்பா பேரைச் சொன்னதும், "ஹெரால்டு சார் பையனா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் கார் வைத்திருந்ததே இல்லையாம். பஸ்தான். எங்கப்பாவைப் போல இன்னும் பலருக்குச் சாமான் வாங்கி அனுப்பியிருக்கிறார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்தார். எல்லாம் ஏர் லெட்டர்கள், நீல நிறம்.

"அம்மாவுக்குப் பணம் அனுப்பணும்பா. ஃபாக்டரி ஷிஃப்டு, பாங்குக்குப் போக முடியாது. டிராஃப்ட் போட்டா போய்ச் சேர மாசக்கணக்கு. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, அதை மாத்தறதுக்கு ஒருத்தரைப் பிடிக்கணும், அவன் அதுல எடுப்பான். உங்கப்பா மாதிரி ஆளுங்க வீட்டுக்கே போய்க் கையில குடுத்தாங்க. குடுத்துட்டு அம்மா எப்படி இருக்காங்கன்னு ரெண்டு வரி எழுதுவாங்க. எனக்கு அந்த ரெண்டு வரிதான் வேணும்."

ஒரு பக்கம் ரூபாய் வைத்துக்கொண்டு பவுண்டு இல்லாதவர். மறுபக்கம் பவுண்டு வைத்துக்கொண்டு ரூபாய் போய்ச்சேராதவர். நடுவில் ஒரு பித்தளைத் துண்டு. எங்கள் வீட்டில் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த வியாபாரமே வேறு.

டின்னில் அப்பாவின் கடிதமும் இருந்தது. அவருடைய அழகான சாய்ந்த கையெழுத்து. மேலே பாட்டியின் உடல்நலம், இரண்டல்ல, நாலு வரி. கீழே பாகத்தின் நம்பர். ஒரே ஒரு நம்பர். பக்கத்தில், "2 எண்ணிக்கை". கையேட்டில் இடது வலதுக்குத் தனித்தனி நம்பர் உண்டு. கடைக்காரன் கேட்டதைக் கேட்டபடி கொடுத்திருக்கிறான். இவர் கேட்டதைக் கேட்டபடி அனுப்பியிருக்கிறார்.

அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அப்பாவிடம் சொன்னேனா என்று கேட்காதீர்கள். "பர்மிங்காம் வேலை" என்று யாராவது சொன்னால் மட்டும் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஸ்டாண்டர்டு 2000 கதையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. 1985ல் மெட்ராஸ் கம்பெனி ரோவர் எஸ்.டி.1 என்ற பிரிட்டிஷ் காரின் உடம்பை எடுத்து, அதற்குள் தங்களிடம் இருந்த பழைய வான்கார்டு வழி வந்த 1991 சிசி எஞ்சினை வைத்தார்கள். இங்கிலாந்தில் அதே உடம்பில் 3.5 லிட்டர் வி8 ஓடியது. இது யானை உடம்புக்குக் கழுதைக் கால். விலையோ யானை விலை. 1988ல் நின்றது. கம்பெனி பல வருஷம் பூட்டிக் கிடந்து, 2006ல் உயர் நீதிமன்ற உத்தரவோடு ஒரேயடியாக மூடப்பட்டது. குடோனில் இருந்த உதிரிகளை வாங்கியது யார் தெரியுமா? ரிம்மர் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்துக் கடை, லிங்கன் ஊரில் இருக்கிறது. இங்கிலாந்தில் எஸ்.டி.1 வைத்திருப்பவர்களுக்கு வண்டலூர்ச் சாமான் தேவைப்பட்டது.

இரண்டு வருஷம் முன்னால் பெங்களூர் ஜெயநகரிலிருந்து ஒருவர் பேசினார். ஸ்டாண்டர்டு 2000 வைத்திருக்கிறாராம், கதவுக்கு ஒரு சாமான் வேண்டும், ஜே.சி. ரோட்டிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. இங்கே தேடிப் பிடித்து வாங்கினேன். வீட்டுக்கு வந்த பெட்டிக்குள் இன்னொரு பழைய அட்டைப்பெட்டி, அதன் மேல் மங்கலாக மெட்ராஸ் என்ற அச்சு.

அன்பளிப்பு என்று போட்டு அனுப்பிவிடலாமே என்றார் அவர். முன்பு செய்தோம். 2019 டிசம்பரில் அந்தக் கதவை மூடிவிட்டார்கள், உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் அந்தச் சலுகை. ராக்கி கட்டி அனுப்பவா என்று கேட்டேன், சிரித்தார். சாமான் விலை, இன்ஷூரன்ஸ், அனுப்பும் செலவு மூன்றையும் கூட்டி அதன் மேல்தான் சுங்கம் போடுவார்கள் என்று விளக்கினேன். பரவாயில்லை, அனுப்புங்கள் என்றார்.

போஸ்ட் ஆபீஸில் சுங்கப் படிவத்தை நிரப்பினேன். சாமான் என்ன, எடை எவ்வளவு, விலை எவ்வளவு. அடுத்த கட்டம், பொருள் உற்பத்தியான நாடு. இந்தியா என்று எழுதினேன். கவுண்டர் பெண்மணி அதையும் விலாசத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தப்பான கட்டத்தில் எழுதிவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை, சரிதான் என்றேன். முத்திரை குத்திப் பெட்டிக்குள் போட்டார்.